இரவில் சாலை தெரியவில்லையா? மோட்டார் சைக்கிள் ஹெட்லைட்டின் குறையை அறிகுறி வழியே கண்டுபிடித்தல்

திருநெல்வேலியிலிருந்து பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு வெளிச்சத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் எல்லை தாண்டியதும் தெருவிளக்கு முடிந்துவிடும். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பக்கத்தில் நெல்லைக் காயப்போட்டு, அதைச் சுற்றிக் கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் ஒன்று வைக்கோலை ஏற்றிக்கொண்டு, சாலையின் நிறத்திலேயே முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

இந்தச் சாலையில் பல ஆண்டுகளாக வேலை முடிந்து வீடு திரும்புகிறவன் என்ற முறையில், ஹெட்லைட் மங்கலுக்கு நான் செய்த செலவின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பல்பை மாற்றினேன், பிறகு அதைவிட விலை கூடிய பல்பை மாற்றினேன், அதன்பின் எல்.இ.டி. பல்பு ஒன்றைப் போட்டு, ஒரே வாரத்தில் கழற்றினேன். எல்லாம் முடிந்த பிறகே மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கினேன். மீட்டரை முதலில் வாங்கியிருந்தால் மற்ற மூன்றும் தேவைப்பட்டிருக்காது. கீழே உள்ளவை அந்த அனுபவத்திலிருந்து எழுதப்பட்டவை. ஆகவே உங்கள் வண்டியில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தப் பகுதியானாலும், அளந்து பார்ப்பதற்கு முன் எதையும் வாங்க வேண்டாம்.

எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. கண் கண்டதைக் கை உணர்ந்து பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்து நிற்க மேலும் 23 மீட்டர் வேண்டும். மொத்தம் 48 மீட்டர். வேகம் 80 ஆனால் இந்தத் தொகை 70 மீட்டரைத் தாண்டிவிடும். சிறிய வண்டிகளின் டிம் வெளிச்சம், எல்லாம் சரியாக இருக்கும்போதே, கறுப்பு நிற எருமை ஒன்றை 40 மீட்டருக்கு அப்பால் காட்டுவதற்குத் திணறும். ஆகையால் எத்தனை மாற்றம் செய்தாலும், டிம்மில் ஓட்டும்போது வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு.

தேவையான கருவிகள் அதிகம் இல்லை: ஒரு மல்டிமீட்டர், எண் 150 அல்லது 180 உப்புத்தாள் கொஞ்சம், கான்டாக்ட் கிளீனர், ஸ்குரூ டிரைவர், ஸ்பேனர், ஓர் அளவு நாடா, அகலமான ஒரு சுவர். அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டுச் சுவரில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் கேட்பார்.

வண்டி நிற்கும்போது மங்குகிறது, ஆக்சிலேட்டரைத் திருகினால் வெளிச்சம் கூடுகிறது

இந்த அறிகுறி வண்டியின் மின்னமைப்பைப் பற்றியது. பெரும்பாலும் இது பழுதே அல்ல. பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் வருவதில்லை. எஞ்சினில் சுற்றும் மேக்னெட்டுக்கு உள்ளே இருக்கும் காயிலிலிருந்து மாறுமின்னோட்டமாக, அதாவது ஏ.சி.யாக, நேரே வருகிறது. எஞ்சின் வேகம் குறைந்தால் மின்னழுத்தம் குறையும். அதோடு விளக்கும் மங்கும். கோயில் கொடைக் கூட்டத்துக்கு நடுவே வண்டியை மெதுவாக உருட்டும்போது ஹெட்லைட் மெழுகுவர்த்தி போல ஆவதற்குக் காரணம் இதுவே.

உங்கள் வண்டி எந்த வகை என்பதை மீட்டரால் அறியலாம். பல்பில் செருகும் ஒயர் இணைப்பான கப்ளரின் பின்புறத்தில் மீட்டரின் முனைகளைத் தொட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, விளக்கு எரிந்துகொண்டிருக்க, முதலில் டி.சி., அதாவது பேட்டரி தரும் நேர்மின்னோட்டம், 20 வோல்ட் அளவில் பாருங்கள். 12 முதல் 14 வோல்ட் வரை நிலையாகக் காட்டினால் அது டி.சி. வண்டி. சரியாக எரிந்துகொண்டிருக்கும் விளக்கில் டி.சி. அளவு ஏறக்குறைய ஒன்றுமே காட்டாமல், ஏ.சி. அளவுக்கு மாற்றியதும் எண் வந்து, ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது ஏ.சி. வண்டி. வரிசையை மாற்றி ஏ.சி. அளவை முதலில் பார்க்க வேண்டாம். விலை குறைந்த மீட்டர்கள் சில, டி.சி. மின்னழுத்தத்தை ஏ.சி. அளவில் அளந்தால் இருமடங்குக்கும் மேலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கியவர்களை நான் அறிவேன்.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்பனையாகும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும் வரை ஹெட்லைட் தானாக எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. அதனால் பிற்கால வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சைத் தேட வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியைத் திருகினால் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து அது ஏ.சி. வண்டி என்று முடிவுகட்டவும் முடியாது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே விளக்கு எரியும்படி அமைந்த டி.சி. வண்டிகளும் உள்ளன.

ஏ.சி. வண்டியில் அதிக வாட் பல்பைப் போடுவது வீண். 35 வாட்டுக்கென்று சுற்றப்பட்ட காயிலில் 60 வாட் பல்பைத் தொங்கவிட்டால், காயிலால் அந்த மின்னோட்டத்தைத் தர முடியாமல் மின்னழுத்தம் சரிந்து, பழைய பல்பைவிடவும் மங்கலாக எரியும். இங்கே செய்யக்கூடியவை மூன்று. எர்த் இணைப்புகளை, அதாவது மின்சாரம் வண்டிச் சட்டம் வழியாகத் திரும்பும் இணைப்புகளை, சுத்தம் செய்யலாம். அதே வாட்டில் நல்ல பல்பைப் போடலாம். மெதுவாகச் செல்லும் இடங்களில் ஒரு கியர் குறைத்து எஞ்சின் வேகத்தைத் தக்கவைக்கலாம். பட்டறைகளில் டி.சி.க்கு மாற்றித் தருகிறார்கள். அதற்கு மேக்னெட்டைத் திறந்து, காயிலின் எர்த் முனையைப் பிரித்து வெளியே கொண்டுவந்து, முழு அலை ரெகுலேட்டர் பொருத்த வேண்டும். கை தேர்ந்தவர் செய்தால் பலன் உண்டு. காயிலைத் தொடாமல் ரெகுலேட்டரை மட்டும் மாற்றி அதையே மாற்றம் என்று சொல்லும் இடத்தில் கொடுத்தால், சில வாரங்களில் பேட்டரி இறங்கிவிடும்.

எப்போதும் மங்கலாக, மஞ்சளாக எரிகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினாலும் மாற்றமில்லை

டி.சி. வண்டிகளில் அதிகம் காணப்படும் குறை இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர், நான் கொண்டுபோன மூன்றாவது பல்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பல்புல ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி, கரண்டுதான் போயிச் சேரல" என்றார். அவர் சொன்னதை அளந்து பார்க்க எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

ஹாலஜன் பல்புக்கு ஓர் இயல்பு உண்டு: மின்னழுத்தம் சிறிது குறைந்தால் வெளிச்சம் பெரிதாகக் குறையும். பத்து சதவீத மின்னழுத்தம் குறைந்தால் ஏறக்குறைய முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். மிச்சமிருக்கும் வெளிச்சமும் மஞ்சளாகச் சாயும். ஆகவே பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்பதே முதல் கேள்வி.

அளக்கும் முறை இது. எஞ்சினை நிதானமான வேகத்தில் ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே அளக்க வேண்டும். நல்ல வண்டியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். அடுத்து, பல்பைக் கழற்றாமல், கப்ளரின் பின்புறமாக மீட்டர் முனையைச் செருகி, பல்பின் எர்த் கால், எரிந்துகொண்டிருக்கும் இழையின் கால் ஆகிய இரண்டுக்கும் இடையே அளக்க வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அளப்பது இதில் மிக முக்கியம். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளந்தால் மின்னோட்டம் இல்லாத காரணத்தால் இழப்பும் இல்லாமல், எவ்வளவு கெட்ட ஒயரிங்கானாலும் முழு வோல்ட்டைக் காட்டும். என் வண்டியில் பேட்டரியில் 14.0, பல்பில் 12.4. நடுவே 1.6 வோல்ட் காணாமல் போயிருந்தது. கணக்கிட்டால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. அரை வோல்ட் வரை இழப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஒயரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

இழப்பு எந்தப் பக்கம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் எர்த் காலிலும், மறுமுனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்து, விளக்கு எரியும்போதே அளந்தால், எர்த் பக்கத்து இழப்பு தனியாகத் தெரிந்துவிடும். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது எனக்கு 0.7 காட்டியது. ஹெட்லைட் டூமுக்கு, அதாவது விளக்கின் வெளிக்கூட்டுக்கு, பின்னால் இருந்து வரும் எர்த் ஒயர் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்ட இடத்தில், பெயின்டுக்கும் துருவுக்கும் மேலேயே அது உட்கார்ந்திருந்தது. போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியதும் அந்த 0.7 என்பது 0.1 ஆயிற்று. செலவு ஒன்றுமில்லை.

உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் கடற்கரையோரம் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இந்த எர்த் குறை இன்னும் விரைவாக வரும். உப்புக்காற்றில் செம்பு முனைகள் பச்சை பூத்துவிடும். அங்கே ஆண்டுக்கொரு முறை, பழுது வந்தாலும் வராவிட்டாலும், கப்ளர்களைப் பிரித்துச் சுத்தம் செய்துவிடுவது வழக்கமாக இருக்கட்டும்.

பிளஸ் பக்கத்தில் இழப்பு இருந்தால் காரணம் பெரும்பாலும் நீண்ட பாதை. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் பியூஸ், சாவி சுவிட்ச், டிம்மர் சுவிட்ச் என்று சுற்றி, மெல்லிய ஒயரில் பயணம் செய்து பல்பை அடைகிறது. அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் மூன்று மீட்டர் தூரத்துக்கு 5 ஆம்பியர் ஓடினால், ஒயர் மட்டுமே அரை வோல்ட்டைத் தின்றுவிடும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயரானால் இழப்பு 0.1 வோல்ட் அளவில் நின்றுவிடும். சுவிட்சுகளில் ஏற்படும் இழப்பு இதற்கு மேல்.

இதற்குச் சரியான மருந்து ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் போட்டு, அங்கிருந்து தடித்த ஒயரை இரு ரிலேக்களின் 30ஆம் எண் காலுக்கும் கொடுக்க வேண்டும். 87ஆம் எண் காலிலிருந்து புதிய ஹோல்டர் வழியாகப் பல்புக்குச் செல்ல வேண்டும். முன்பு பல்பில் செருகியிருந்த பழைய கப்ளரின் டிம், பிரைட் ஒயர்கள் இப்போது 86ஆம் காலுக்குச் சென்று ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். 85 எர்த்துக்குப் போகும். இதனால் டிம்மர் சுவிட்சின் மேல் இருந்த பாரம் நீங்கி அதன் ஆயுளும் கூடும். பல்புக்கும் தடித்த எர்த் ஒயர் ஒன்றைப் பேட்டரி மைனஸ் வரை தனியாக இழுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ரிலே மட்டும் போட்டவர்களுக்குப் பாதிப் பலனே கிடைக்கும். ஹோல்டர் வாங்கும்போது பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுச் செராமிக் ஹோல்டராகக் கேளுங்கள்.

ரிலே போட்ட பிறகு என் வண்டியில் பல்பில் கிடைத்தது 13.8 வோல்ட். அதே பழைய பல்பு. ஆனால் வெளிச்சம் வேறு. ஒரு எச்சரிக்கை: ரிலே டி.சி. வண்டிக்கு மட்டுமே. மேலும், வாரன்டி முடியாத புதிய வண்டியில் மூல ஒயரிங்கை வெட்ட வேண்டாம்; செருகிக் கழற்றக்கூடிய ஆயத்த ரிலே ஒயரிங் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் அது சாலையில் விழவில்லை

மரத்தின் மேல் தூங்கும் காக்கையை எழுப்பும் ஹெட்லைட்டுகளும் உண்டு, முன் சக்கரத்துக்கு நான்கடி முன்னால் மட்டும் வட்டமாக விழும் ஹெட்லைட்டுகளும் உண்டு. இரண்டும் திசை தவறியவை. விழுந்து எழுந்த வண்டிகள், ஹெட்லைட் கண்ணாடி மாற்றிய வண்டிகள், முன் போர்க்கில் ஆயில் கசியும் வண்டிகள் ஆகியவற்றில் இதை முதலில் பாருங்கள்.

சமதளத்தில், சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும். ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்து, வண்டி நேராக நிற்க வேண்டும். ஸ்டாண்டில் சாய்த்து வைத்து அளந்தால் கணக்கு தப்பும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். டிம்மில் வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் விளிம்பு, அந்தக் கோட்டுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விளிம்பு 15 சென்டிமீட்டர் கீழே விழுந்தால், வெளிச்சம் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய 65 மீட்டர் தள்ளி இருக்கும். விளிம்பு கோட்டுக்கு மேலே ஏறிவிட்டால் எதிரே வருபவரின் கண்ணுக்குள் நீங்கள் வெளிச்சம் ஊற்றுகிறீர்கள் என்று பொருள்.

பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும். வழக்கமாக மனைவியோடு செல்கிறவர், அல்லது களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வருகிறவர், அல்லது 45 கிலோ யூரியா மூட்டையைப் பின்னால் கட்டிச் செல்கிறவர், அந்தப் பாரத்தோடே சுவர் முன் நிறுத்தித் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தும் ஸ்குரூ பல வண்டிகளில் டூமின் அடியில் இருக்கும். சிலவற்றில் பக்கவாட்டுப் போல்ட்டைத் தளர்த்தி முழு விளக்கையும் கையால் சாய்க்க வேண்டும்.

சுவரில் பார்க்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். சில விளக்குகளின் டிம் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் ஒரு பக்கம் மேலேறிச் சாயும். நாம் இடப்பக்கம் செல்பவர்கள் என்பதால் அந்த ஏற்றம் இடப்பக்கமாக, சாலை ஓரத்தைக் காட்டும்படி இருக்க வேண்டும். வலப்பக்கம் ஏறினால் அந்த விளக்கு வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்காகச் செய்யப்பட்டது; அதை எவ்வளவு திருத்தினாலும் எதிரே வருபவருக்குத் தொல்லைதான்.

எல்.இ.டி. போட்ட பிறகு பளிச்சென்று இருக்கிறது, சாலை மட்டும் முன்பைவிடத் தெரியவில்லை

இந்தக் குறையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள், ஏனென்றால் காசு கொடுத்தாயிற்று. நானும் ஒரு வாரம் தயங்கினேன்.

ஹாலஜன் விளக்கின் ரிப்ளெக்டர், பல்புக்குள் இருக்கும் மெல்லிய இழை துல்லியமாக ஓரிடத்தில் இருக்கும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டது. டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை உள்ள எச்4 வகைப் பல்பில் டிம் இழைக்குக் கீழே கிண்ணம் போன்ற ஒரு தகடு இருக்கும். அதுதான் மேலே போகும் வெளிச்சத்தைத் தடுத்து அந்த விளிம்பை உண்டாக்குகிறது. எல்.இ.டி. பல்பில் இழைக்குப் பதிலாக ஒரு தட்டின் இரு பக்கமும் ஒட்டப்பட்ட சில்லுகள் உள்ளன. அவை பழைய இழை இருந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் வெளிச்சம் சிதறி, மேலே பாதி, பக்கத்தில் பாதி என்று போய்விடும். வண்டிக்கு அருகே தரை வெண்மையாக மின்னும். அந்த வெண்மைக்குக் கண் பழகிச் சுருங்கிக்கொள்வதால், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமென் எண்ணை, அதாவது வெளிச்ச அளவை, நான் பொருட்படுத்துவதில்லை. சுவரில் விளிம்பு தெரிகிறதா என்பதே என் அளவுகோல்.

ஆகவே எல்.இ.டி. பல்பைப் பொருத்தியதும் அதே 10 மீட்டர் சுவர்ச் சோதனையைச் செய்யுங்கள். கழுத்து வளையத்தைத் திருப்பும் வசதி இருந்தால், சில்லுகள் மேலும் கீழுமாக இல்லாமல் இடமும் வலமுமாகப் பார்க்கும்படி அமைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் விளிம்பு கரைந்தே தெரிந்தால் பல்பைக் கழற்றிவிடுவதுதான் வழி. சாய்வைக் கீழிறக்கிச் சமாளித்தால் தூரத்து வெளிச்சமும் போய்விடும்.

எல்.இ.டி. துடித்துத் துடித்து எரிந்தால், பெரும்பாலும் அது ஏ.சி. வண்டியில் போடப்பட்டிருக்கும். டி.சி.க்கென்று செய்த எல்.இ.டி. அங்கே நெடுநாள் தாங்காது. நன்றாக எரிந்துகொண்டிருந்தது அரை மணி நேரத்தில் மங்கினால் சூட்டைச் சந்தேகியுங்கள். எல்.இ.டி.யின் சூடு பின்புறமாக வெளியேற வேண்டும். மூடிய டூமுக்குள் அதற்கு வழியில்லை. சின்ன விசிறி உள்ள பல்பானால், திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரி மணல் தூசி அதை விரைவில் நிறுத்திவிடும்.

மழையில் எல்.இ.டி. ஏமாற்றுவதற்குக் காரணம் வேறு. ஹாலஜனின் நிறம் 3,200 கெல்வின் அளவில் மஞ்சள் சாய்ந்தது. சந்தையில் கிடைக்கும் எல்.இ.டி. பல 6,000 கெல்வினை ஒட்டிய நீல வெண்மை. சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் ஓட்டிப் பாருங்கள்: சிதறிய வெண்ணிற வெளிச்சம் ஒவ்வொரு தூறலிலும் பட்டுத் திரும்பி, கண்ணுக்கு முன் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியது போல இருக்கும். 4,300 கெல்வினோ அதற்குக் கீழோ உள்ள விளக்கு அங்கே கண்ணுக்கு இதமானது. நனைந்த தார்ச்சாலையின் கருமை மட்டும் எந்த விளக்குக்கும் முழுதாக அடங்காது; நீர்ப் படலம் வெளிச்சத்தைக் கண்ணாடி போல முன்னோக்கி அனுப்பிவிடுவதால், நம் கண்ணுக்குத் திரும்பி வருவது மிகக் குறைவு.

எல்.இ.டி.தான் வேண்டும் என்றால், பல்பை மட்டும் மாற்றாமல், எல்.இ.டி.க்கென்றே லென்ஸும் ரிப்ளெக்டரும் வடிவமைத்த, உங்கள் வண்டி மாடலுக்கு உற்பத்தியாளரே விற்கும் முழு விளக்கை வாங்குவதே முறை. விலை கூடுதல்தான். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும், விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் சர்வேயர் கண்ணில் முதலில் படுபவை இத்தகைய பொருட்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அதிக வாட் பல்பு போட்டேன், ரிப்ளெக்டர் கருகிவிட்டது

100/90 வாட் (பிரைட்/டிம்) பல்பு கடைகளில் கிடைக்கிறது என்பதற்காக அது உங்கள் வண்டிக்கானது ஆகிவிடாது. அதன் பிரைட் இழை 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே இல்லாத ஒயரிங்கில் ஹோல்டர் உருகும், பிளாஸ்டிக் ரிப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு புகை படிந்தது போலக் கருகும். கருகிய ரிப்ளெக்டரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. துணியால் துடைக்க முயன்றால் இருக்கும் பூச்சும் கையோடு வந்துவிடும். புல்லட், கிளாசிக் போன்றவற்றின் ஹாலஜன் விளக்கில் 60/55 வாட், பெரும்பாலான சிறிய வண்டிகளில் 35/35 வாட். அந்த எண்ணிலேயே நின்றுகொள்ளுங்கள்.

பல்பு அடிக்கடி பியூஸ் ஆகிறது

பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து ஆக்சிலேட்டரைக் கூட்டுங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. ஹாலஜன் பல்பு ஐந்து சதவீதம் கூடுதல் மின்னழுத்தத்தில் எரிந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏ.சி. வண்டியில் ஹெட்லைட்டும் பின்விளக்கும் ஒரே நாளில் போனால், ரெகுலேட்டரின் எர்த் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி டெர்மினல் தளர்ந்திருப்பதும் இதே தொல்லையைத் தரும்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் பல்பு போனால் சந்தேகம் விரல்களின் மேல். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டால், விரலின் எண்ணெய்ப் பசை அந்த இடத்தில் சூட்டைக் குவித்துக் கண்ணாடியைக் கெடுக்கும். பல்பை வாங்கும் கடையிலேயே எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்துத் தருகிறார்கள். பெட்டியைத் திறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

டிம் எரிகிறது, பிரைட் எரியவில்லை. அல்லது மாற்றும்போது நொடிநேரம் அணைகிறது

பல்பைக் கழற்றி இழையைப் பாருங்கள். இழை முழுதாக இருந்தால் டிம்மர் சுவிட்ச். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். உள்ளே பிளாஸ்டிக் உருகியிருந்தால் சுவிட்சை மாற்றி, மறுபடி உருகாமலிருக்க ரிலேயும் போடுங்கள்.

கண்ணாடிக்குள் பனி மூடியது போலிருக்கிறது

வடகிழக்குப் பருவமழைக்கு முன் டூமின் ரப்பர் வளையத்தையும், பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியையும் பார்த்துவிடுங்கள். பிரஷர் வாஷில் தண்ணீரை ஹெட்லைட்டுக்கு நேரே அடிக்க விடாதீர்கள். அடியில் இருக்கும் சிறு துளை நீர் வடிவதற்காக வைத்தது. அதை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு உள்ளே குளம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். வெளிக் கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்து மஞ்சளித்துப் போயிருந்தால், நீர் தொட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பாலிஷ் போடலாம். மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் நாட்களில் பத்து கிலோமீட்டருக்குள் விளக்கின் முகம் முழுதும் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணி ஒன்றைப் பெட்டியில் வைத்திருங்கள்.

எதிரே வண்டி வரும்போது மட்டும் ஒன்றும் தெரியவில்லை

இது உங்கள் ஹெட்லைட்டின் குறையாக இல்லாமல் ஹெல்மெட் கண்ணாடியின் குறையாக இருக்கலாம். நுண்கீறல் விழுந்த கண்ணாடியில் எதிர் வெளிச்சம் நட்சத்திரமாக விரியும். கறுப்புக் கண்ணாடியோடு இரவில் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான்குவழிச் சாலையில் நடுத்திட்டுச் செடிகள் ஓரளவு மறைக்கும்; ஒற்றைச் சாலையில் பார்வையைச் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டுக்கு மாற்றி, வேகத்தைக் குறைப்பதே வழி. போக்குவரத்துப் போலீசார் விளக்கின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால், வீட்டுக்கு வந்ததும் அதைச் சுரண்டி எடுக்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். சுவரில் திசையைத் திருத்திக்கொண்ட பிறகு அது ஒட்டியிருந்தாலும் டிம்மில் எனக்கு இழப்பு எதுவும் தெரியவில்லை.

எல்லாம் சரிசெய்தும் போதவில்லை. கூடுதல் விளக்கு வேண்டும்

பாபநாசம், மணிமுத்தாறு மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தேவை உண்மையானது. அங்கே காட்டுப்பன்றி சாலையைக் கேட்டுக்கொண்டு கடப்பதில்லை. 10 முதல் 20 வாட் அளவிலான எல்.இ.டி. துணைவிளக்கு ஒரு ஜோடி போதும். ஹெட்லைட்டுக்குக் கீழே பொருத்தி, தனி ரிலே, தனி பியூஸ் கொடுத்து, பிரைட் போடும்போது மட்டும் எரியும்படி பிரைட் ஒயரிலிருந்து ரிலேயை இயக்குங்கள். எதிரே வண்டி வந்து நீங்கள் டிம்முக்கு மாற்றியதும் அதுவும் தானாக அணைந்துவிடும். தனிச் சுவிட்ச் மட்டும் வைத்தவர்கள் வண்ணார்பேட்டை மேம்பாலத்திலும் அதை எரியவிட்டுக்கொண்டு போகிறார்கள்.

பொருத்திய பின் சார்ஜிங் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா விளக்கும் எரிய, எஞ்சின் பயண வேகத்தில் ஓட, பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. 13க்குக் கீழே இறங்கினால் எஞ்சின் தரும் மின்சாரத்தைவிட நீங்கள் எடுப்பது அதிகம்; காலையில் செல்ஃப் எடுக்காது.

கடைசியாக, சேரன்மகாதேவி வரை ஒருமுறை ஓட்டிப்போய், வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, புதிதாகப் போட்ட ஒவ்வொரு கப்ளரையும் ஒயர் இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பல்புக்கு அருகில் உள்ளது வெதுவெதுப்பாக இருக்கும், அது இயல்பு. பல்பைவிட்டுத் தள்ளியிருக்கும் இணைப்பு எதாவது சூடாக இருந்தால், இணைப்பு சரியில்லாமல் அங்கே மின்னோட்டத்துக்கு எதிர்ப்பு இருக்கிறது. அதைப் பிரித்து, ஒயரைப் புதிதாகச் சீவி, முனையை மறுபடி அழுத்திப் பொருத்துங்கள்.